ஐஸ்பெட்டியில் வைத்த புட்டிகள்

1

போன மாதம் எனக்குச் சிவப்பு அடையாள அட்டை கிடைத்தது. இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்று அரசாங்கம் கொடுக்கும் அட்டை அது. இதுவரை ஒவ்வொரு வருடமும் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலோர் ஸ்டாருக்குப் போய், குடிநுழைவு அலுவலகத்து மரப்பெஞ்சில் காலை முழுக்க உட்கார்ந்திருப்பேன். கவுண்டரில் இருப்பவர் சாப்பாட்டுக்கு எழுந்து போவதற்குள் என் முறை வர வேண்டுமே என்று கர்த்தரிடம் மன்றாடுவேன். இந்தத் தடவை அட்டையை நீட்டிய இளைஞன் மலாயில் என்னை வாழ்த்தினான். நான் நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் என் மலாய் அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. கூட வந்திருந்த மகள் அனிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

அட்டையைப் பார்த்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு லெட்சுமியின் ஞாபகம் வந்தது. செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்துப் பிழைப்பவள் லெட்சுமி. அவளிடமும் இதே சிவப்பு அட்டைதான் இருக்கிறது. அவள் பிறந்ததை அப்போது யாரும் பதியவில்லை. அதனால் கப்பலேறி வந்த நானும் இங்கேயே பிறந்த அவளும் அரசாங்கத்தின் கண்ணுக்கு ஒன்றுதான்.

நாகர்கோவிலில் எங்கள் சபைப் பத்திரிகையை நடத்துகிறவர்கள், வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கிய கதையை எழுதி அனுப்புங்கள், நம் இளம்பெண்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள். நானும் சாக்குச் சொல்லி வந்தேன். இப்போது எழுதுகிறேன். ஊக்கமாக இருக்குமா என்று தெரியவில்லை.

2

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஊரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன். எம்.எஸ்ஸி.க்கு எலிகளின் அட்ரினல் சுரப்பியைப் பற்றி எழுதியிருந்தேன். என் கணவர் கெடாவில் பிறந்த தமிழர், சுங்கை பட்டாணியில் பள்ளி ஆசிரியர். பெண் பார்க்க வந்தபோது என் அப்பா, "எலி பிடிக்கத் தெரியும், சமைக்கத் தெரியாது" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சிரித்துவிட்டுச் சம்மதித்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் கப்பலேறினேன்.

வந்த புதிதில் அலோர் ஸ்டாருக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் அழுவேன். குரூண் தாண்டினால் வயல்தான். அசல் நாஞ்சில் நாடு. தலையைத் திருப்பினால் நம்முடைய மலை இருக்க வேண்டிய இடத்தில் ஜெராய் மலை நிற்கும். எல்லாம் சரியாக இருந்து ஒன்று மட்டும் மாறியிருப்பது, எல்லாமே மாறியிருப்பதைவிடக் கொடுமை.

சுங்கை பட்டாணியிலேயே பாக்கார் ஆராங் என்ற பகுதியில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம், இன்னும் இருக்கிறோம். என் குடிநுழைவுப் பாஸில் சம்பள வேலை செய்யக் கூடாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். படிக்கலாமா என்று கேட்டேன். ஒரு அதிகாரி இன்னொருவரிடம் அனுப்பினார், அவர் மூன்றாமவரிடம் அனுப்பினார், மூன்றாமவர் முதலாமவரிடமே திருப்பி அனுப்பினார். கடைசியில் யாருக்கோ அலுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்கள். பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, பினாங்குத் தீவில் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். வயதான சீனர். அதிகம் பேசமாட்டார். ஆனால் எலிக்கூண்டு சுத்தமாக இல்லாவிட்டால் மட்டும் பேசுவார்.

என் ஆராய்ச்சியை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப்போகிறதே, அது காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை. உடம்புக்குள்ளும் ஆக்சிஜன் அப்படிக் கெடுக்கப் பார்க்கும், உடம்பு அதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். சில விஷங்கள் உள்ளே போனால் தடுக்கும் சக்தி தீர்ந்து, செல்லின் கொழுப்பெல்லாம் கெட ஆரம்பிக்கும். இதற்கு இப்போது ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டங்களில் புல்லைக் கருக்க அடிக்கும் மருந்து அந்த வகை விஷம். அது எலியின் உடம்பில் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்களையும் குறைக்கிறதா என்று பார்த்தேன். குறைத்தது. கெட்டுப்போன கொழுப்பைக் காட்டிக்கொடுக்கும் ரசாயனத்தைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் குழாயில் ரோஜா நிறம் வரும். என் எலிகளின் குழாய்களில் அந்த நிறம் நன்றாகவே வந்தது.

3

லெட்சுமியை எனக்குத் தெரியவந்தது என் கணவரால்தான். சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்க அவர் போவார். நானும் கூடப் போவேன். ஆசிரியர் மனைவி என்பதால் அங்கே எனக்கு டீச்சரம்மா என்று பெயர். நானும் படிக்கிறேன் என்று சொன்னபோது, லயம் என்ற தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் பெண்கள் நம்பவில்லை.

"இந்த வயசுலயா?" என்றாள் லெட்சுமி.

"ஆமா மக்ளே" என்றேன். எங்கள் ஊர் 'மக்ளே'யைக் கேட்டு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். முதுகில் பம்பு கட்டிக்கொண்டு ரப்பர் மர வரிசைகளுக்கு நடுவே மருந்தடிக்கும் பெண்கள் கூட்டத்தில் அவள் ஒருத்தி. பம்பு ஒழுகும். சட்டை நனையும். நனைந்த சட்டையோடே மதியம் வரை நடப்பார்கள். அவள் விரல்களில் நகங்கள் வெளுத்துக் கழன்று வந்தன. அதை மறைக்க மருதாணி வைத்திருந்தாள்.

"பால் மரம் வெட்டப் போகலாமே லெட்சுமி?" என்று கேட்டேன். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"மழ பேஞ்சா வெட்டு கெடையாதும்மா. மருந்துன்னா தெனம் வேல இருக்கும்லா. அதுவும் நான் செவப்புக் கார்டு. வேல பெர்மிட்டு தோட்டத்துலதான் எடுத்துக் குடுக்கணும். ஆபீசு கிராணிகிட்ட போயி அந்த வேல வேணாம், இந்த வேல வேணும்னு நிக்க முடியுமா?"

இரண்டு முறை வயிற்றிலேயே குழந்தை தவறியிருந்தது. அந்த வருடம் மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். மாமியார் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டிருந்தாள். லெட்சுமியோ யாரும் பார்க்காதபோது வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். இந்தப் பிள்ளை நின்றுவிட வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. எனக்கு என் எலிகளே ஞாபகத்துக்கு வந்தன.

மேனேஜரிடம் போனேன். மரியாதையான மனிதர், குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கொடுத்தார். எலிகளைப் பற்றிச் சொன்னேன். "எலிகள் என் தோட்டத்தில் வேலை செய்யவில்லையே" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்தார். மனிதர்களில் காட்டுங்கள், காட்டினால் பெண்களை மருந்தடிப்பிலிருந்து எடுத்துப் புல் வெட்ட அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். ஆனால் ஊசி குத்தி இரத்தம் எடுத்தால் தொழிலாளர்கள் பயப்படுவார்கள், அதற்கு அனுமதியில்லை, சிறுநீர் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அது போதும் என்றேன். மருந்தடிப்பவர்களையும் பால் மரம் வெட்டுபவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். லெட்சுமியின் பிள்ளை பிறப்பதற்குள் அவளை அந்தப் பம்பிலிருந்து இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

4

லயத்தில் எல்லாப் பெண்களையும் உட்கார வைத்து விளக்கினேன். இது என் படிப்புக்கான சோதனை என்றேன். எழுதிக் கொடுத்தால் வெளியூரிலிருந்து பரீட்சகர் வந்து பார்ப்பார், தோட்டத்துக்கும் அறிக்கை போகும் என்றேன். பெண்கள் மும்முரமாகக் கேட்டார்கள். அவர்கள் இவ்வளவு கவனமாகக் கேட்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெயர் எழுதி ஒட்டிய புட்டிகளை முதல் நாள் கொடுத்துவிடுவோம். மறுநாள் விடியற்காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கூடுவதற்கு முன்னால், வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வந்து தருவார்கள். துணியில் சுற்றி, முந்தானையில் மறைத்து, ஒருத்திகூடத் தவறாமல் கொண்டுவந்தார்கள். என் கணவர் பழைய காரில் என்னை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார். ஃபெர்ரி ஏறும் நாள் வரை புட்டிகள் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் இருக்கும். இட்லி மாவு மேல்தட்டுக்குப் போயிற்று.

அனிதாவுக்கு அது பெரிய மானப் பிரச்சினை. "மம்மி, மாலுலா, வெக்கம்! என் கூட்டாளிங்க வந்தா ஐஸ்பெட்டியத் தொறக்காதீங்க."

"ஆரஞ்சு தண்ணின்னு சொல்லு."

"மம்மி!"

பள்ளியில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, வீட்டில் சும்மா இருக்கிறார் என்று மலாயில் எழுதிவைத்திருந்தாள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். இப்போதெல்லாம் தமிழில் நான் ஒன்று சொன்னால் அவள் மலாயில் பாதி, ஆங்கிலத்தில் பாதி பதில் சொல்கிறாள். நான் எழுதும் இந்தக் கட்டுரையை அவளால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும். படிக்கவும் மாட்டாள்.

குழாய்களைக் கொதிக்க வைத்தேன். பால் மரம் வெட்டுபவர்களின் குழாய்களில் நிறம் வந்ததா இல்லையா என்ற அளவுக்கு மங்கலாக இருந்தது. மருந்தடிப்பவர்களின் குழாய்களும் அதே மங்கல்தான். ஹார்மோன் அளவும் அதேதான். கர்ப்பிணி லெட்சுமிக்குக் கூடியிருக்க வேண்டிய ஹார்மோன் கூடவேயில்லை. ஒருவேளை அவள் உடம்பு ஏற்கெனவே தளர ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்தேன். ஒரு ஆளின் அளவை வைத்து முடிவு கட்டாதே என்றார் பேராசிரியர். அவர் சொன்னது முறைதான். ரசாயனம் பழையதோ என்று புதிது வாங்கினேன். திரும்பவும் புட்டிகள் வாங்கிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அந்த ரோஜா நிறம் வர வேண்டும் என்று ஃபெர்ரியில் நின்று ஜெபம் செய்திருக்கிறேன். சில ஏழைப் பெண்களின் உடம்பு கெட்டிருக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்டிருக்கிறேன். வேறு எந்த வழியிலும் அவர்களைக் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை.

வந்த முடிவை வந்தபடி எழுதிக் கொடுத்தேன். எலிகளில் கேடு தெரிகிறது, தோட்டத்துப் பெண்களில் தெரியவில்லை என்று. மேனேஜர் அதில் இரண்டாம் பாதியை மட்டும் பெரட்டில் படித்துக் காட்டச் சொன்னார்.

லெட்சுமிக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது, மருந்தடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே வலி கண்டது. சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"பையன்மா" என்றாள். "நகமெல்லாம் மொளச்சிருந்திச்சு. அழகா இருந்திச்சு."

அவள் மாமியார் கட்டில் காலடியில் நின்று, வார்டு முழுக்கக் கேட்கும்படிச் சொன்னாள்: "மருந்துல ஒண்ணுமில்லன்னு படிச்சவங்களே சோதிச்சுச் சொல்லிட்டாங்க. இவ வயிறுதான் வெளங்காத வயிறு."

என் கையில் இருந்த அறிவியல் அந்தக் கிழவியின் பக்கம்தான் நின்றது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து, அம்மா இறந்த செய்தி ஊரிலிருந்து வந்தபோது அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

அதன் பிறகு அவளுக்கு உண்டாகவேயில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது. தோட்டத்தில் யாரிடமும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

5

அட்டை கிடைத்த அதே வாரம் லெட்சுமியின் தங்கை மகளுக்குச் சடங்கு. கண்டிப்பாக வர வேண்டும் என்று லெட்சுமியே வீடு தேடி வந்து அழைத்தாள். அன்றைக்கு அங்கே எனக்குத் தெரியவந்ததை இனிமேல்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொன்ன பிறகு எழுத முடியுமா என்று தெரியவில்லை.

மறுநாள் ஃபெர்ரி ஏறிப் போய்ப் பேராசிரியரிடம், தோட்டத்து ஆராய்ச்சி முழுவதும் செல்லாது, என் பட்டத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். அவர் என் ஆய்வேட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, எலிகளின் பகுதி சரியாகத்தான் இருக்கிறது, பட்டத்துக்கு அது போதும் என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹார்மோன் கூடவில்லை என்று நீ அன்றைக்கே சொன்னாய்" என்றார். திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது ஆங்கிலத்தில் அச்சாகும். தோட்டத்தில் யாரும் படிக்கப்போவதில்லை. இரத்தப் பரிசோதனையோடு மறுபடி தொடங்கலாமென்றால், பழைய மேனேஜர் மாற்றலாகிவிட்டார். புதியவர் பழைய அறிக்கையை எடுத்துக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்கிறார். ரப்பரை அழித்துப் பாமாயிலுக்காகச் செம்பனை நடுகிறார்கள். முன்னைவிட அதிகமாக மருந்தடிக்கிறார்கள். மாசமான பெண்கள் பம்பு தூக்கக் கூடாது என்று லயம் லயமாகச் சொல்லி வருகிறேன். "நீங்கதானம்மா அன்னிக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க" என்று கேட்கிறார்கள்.

இனி சடங்கு வீட்டுக்கு வருகிறேன். பந்தலில் சுமங்கலிகள் வரிசையாகப் போய் அந்தப் பெண்ணுக்கு நலங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். லெட்சுமியை யாரும் கூப்பிடவில்லை. சொந்தத் தங்கை மகள். பிள்ளை தங்காதவள் கை படக் கூடாதாம். அவள் பின்கட்டில் பழைய மருந்தடிப்புக் கூட்டாளிகளோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வருவதற்கு வெங்காயம் வசதியாக இருந்தது.

பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பழைய புட்டிகளுக்கு வந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, "சொல்லிறாத புள்ள" என்றாள்.

"சொன்னா என்னா, எத்தன வருசமாச்சு" என்றாள் லெட்சுமி. "டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. நாங்க ஒருத்தியும் எங்களோடத குடுக்கல."

"என்னத்தை?"

"அந்தப் புட்டியிலம்மா! எல்லாம் பால் வெட்டுற புள்ளைங்களோடது. காலையில போயி வாங்கிட்டு வந்து ஊத்திக் குடுத்தோம்."

எனக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன். அவள் ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினாள்.

"சோதன பண்ண ஆளு வந்தா நல்லதத்தானேம்மா காட்டணும்? லேபர் ஆபீசு ஆளு வந்தா எங்கள வேல வாங்குற தண்டல் என்னா செய்வாரு? லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பாரு, ஒடம்பு முடியாதவங்கள பின்னால போயி இருக்கச் சொல்லுவாரு. எங்க ஆத்தா காலத்துலேருந்து அதான் பழக்கம். நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போனா வந்தவருக்கும் பேரு, தோட்டத்துக்கும் பேரு. மோசம்னு எழுதினா வந்தவருக்குத்தான் ஏச்சு. நீங்க வேற பரிச்சன்னு சொன்னீங்க. வெளியூருலேருந்து ஆளு வந்து பாக்கும்னீங்க. எங்க ஒடம்பு மருந்து ஊறிக் கெடக்கு, இதப் போயிக் குடுத்து நீங்க பெயிலாயிட்டா? நம்ம டீச்சரம்மா பெயிலாவ விடுவமா?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி என் தோளைத் தட்டினாள். பால் மரம் வெட்டுபவர்களை நான் பால் மரம் வெட்டுபவர்களோடு ஒப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அவள் தன்னுடைய புட்டியைக் கொடுத்திருந்தால், குழாயில் நிறம் வந்திருக்குமோ என்னவோ. வந்திருந்தால் அவளைப் பம்பிலிருந்து இறக்கியிருப்பார்கள். இறக்கியிருந்தால் பிள்ளை நின்றிருக்குமா என்பது ஒரு விஞ்ஞானியாக என்னால் சொல்ல முடியாத விஷயம். ஆனால் வெளங்காத வயிறு என்று அவளை யாரும் சொல்லியிருக்க முடியாது. பந்தலில் முதல் ஆளாக அவள் நலங்கு வைத்துக்கொண்டிருப்பாள்.

இவ்வளவையும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். அந்தப் புட்டியையும் அந்தப் பிள்ளையையும் அவள் ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை என்று தெரிந்தது. என் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் போதும், அவள் சேர்த்துவிடுவாள். கெட்டிக்காரி. அதற்குப் பிறகு அவளால் உயிரோடு இருக்க முடியாது. அதனால்தான் இதை இங்கே யாரிடமும் சொல்லாமல், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து இந்த இதழை யாரும் இங்கே அனுப்பிவைக்காதீர்கள்.

"என்னாம்மா, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்றாள் லெட்சுமி. உரித்த வெங்காயம் கையில் அப்படியே நின்றது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "மாத்திக் குடுத்ததக் கண்டுபுடிச்சிட்டாங்களா? ஏசிட்டாங்களா ஒங்கள? பாஸாவலையா?"

"ஆயிட்டேன் லெட்சுமி" என்றேன். "பாஸாயிட்டேன்."

அவள் முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பந்தலில் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று அவள் குரலை உயர்த்தினாள்.

"பாத்தீங்களாடி? எங்கிட்டயும் ஏதோ ராசி இருக்கு. டீச்சரம்மா டாக்டரானது என்னாலதான்!"